சவரத்துக்குப் பின் சீனக்காரம் (படிகாரம்): ஒன்றரை வருடம் பாவித்த அனுபவம்

என் தகப்பனாரை நான் ஐயா என்பேன். அவருக்கு வயது 78. புதனும் ஞாயிறும், வெயில் முற்றத்து வேம்பைத் தாண்டி வருவதற்கு முன், நான் அவருக்கு முகச்சவரம் செய்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் பிளேட் படக்கூடாது என்பது அவருடைய பழைய வழக்கம். அதை மாற்ற நான் முயலவில்லை. இரண்டரை வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு நன்றாக இருக்கிறது, நினைவும் அப்படியே இருக்கிறது. ஆனால் இடது கன்னத்தில் ஈ வந்து இருந்தாலும் அவருக்குத் தெரியாது.

சீனக்காரத்தைப் பற்றி எழுத வந்த நான் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு இளைஞர் தன் முகத்தில் பூசிப் பார்த்துச் சொல்லும் அனுபவம் வேறு. உணர்வில்லாத, சுருங்கிய, மெல்லிய தோலில் இன்னொருவர் கையால் பூசும் அனுபவம் வேறு. இலங்கையின் வடக்கே வன்னியில் என்னைப்போல் வீட்டில் தகப்பனையோ கணவனையோ பராமரிக்கும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் படிகாரம் என்று சொல்வதைத்தான் நாங்கள் சீனக்காரம் என்கிறோம். பார்வைக்குக் கற்கண்டு போல இருக்கும்.

முன்பெல்லாம் தருமபுரத்தில் சலூன் வைத்திருந்த ஒரு அண்ணன் வீட்டுக்கே வந்து ஐயாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார். அவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்விட்ட பிறகு வேலை என் கைக்கு வந்தது. முதல் நாளே நாடிக்குக் கீழே வெட்டிவிட்டேன். சின்ன வெட்டுத்தான், உளுந்து அளவுகூட இல்லை. ஆனால் பாரிசவாதத்துக்குப் பிறகு ஐயா தினமும் அஸ்பிரின் எடுக்கிறார். இரத்தம் கட்டியாகாமல் இருப்பதற்கான மருந்து அது. சின்ன வெட்டுக்கூட எளிதில் அடங்காது. துவாயின் ஒரு மூலை முழுவதும் சிவந்துவிட்டது. நான் அழுதேன். அவர் வலது கையால் என் கையைத் தட்டி, "பிள்ளை, தண்ணீர் ஊற்று. யோசிப்பது பிறகு," என்றார்.

அது அவர் தொழிலில் கற்ற பாடம். எழுபதுகளில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த இடம் அது. எரிசோடா தோலில் பட்டால் எதையும் தேடி ஓடாதே, நிறையத் தண்ணீரால் கழுவு என்று அங்கே படித்ததை வீட்டிலும் எல்லாவற்றுக்கும் சொல்வார். போர் அந்தத் தொழிற்சாலையை மூடியது. ஐயாவிடம் இருந்து அந்தத் தண்ணீர் மட்டும் போகவில்லை.

அடுத்த கிழமை, உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி தந்த வாசனைத் திரவப் போத்தலைத் திறந்து இரண்டு கன்னத்திலும் தடவினேன். மதுசாரம் கலந்தது. வலது கன்னம் எரிந்து ஐயா முகத்தைச் சுளித்தார், உடனே கழுவிவிட்டேன். இடது கன்னத்தில் அவருக்கு எரிவு தெரியாததால் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் முழுவதும் சிவந்து, தாடை ஓரத்தில் தோல் உரிந்து கிடந்தது. அந்தப் போத்தலை அன்றே தூக்கிப் போட்டேன். வலி சொல்லாத தோலுக்கு நான்தான் வலி சொல்ல வேண்டும் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

சீனக்காரம் நினைவுக்கு வந்தது, போர் முடிந்த 2009 ஐ நினைத்தபோதுதான். இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐயாவின் தாடி கழுத்தை மறைத்திருந்தது. தினமும் முகம் வழித்துக்கொண்டு வேலைக்குப் போன மனிதரை அந்தக் கோலத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு கூடாரம் தள்ளி ஒருவர் தறப்பாளின் கீழ் ஆட்களை இருத்திச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பேணித் தண்ணீர், ஒரு பிளேட், நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் கல். வழித்து முடிந்ததும் அந்தக் கல்லை நனைத்து முகம் முழுவதும் தேய்ப்பார். ஐயா எழும்பிக் கண்ணாடி கேட்டார். அங்கே கண்ணாடி இருக்கவில்லை. வெயிலும் புழுதியும் நெருக்கமும் இருந்த அந்த இடத்திலும் ஐயாவின் முகத்தில் ஒரு பரு போடவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கிளிநொச்சிக்கு ஐயாவின் மருந்து எடுக்கப் போன நாளில் சந்தைப் பக்கம் உள்ள ஒரு நாட்டு மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் வயதானவர். "முகத்துக்கா தங்கச்சி, தண்ணீர் தெளியவைக்கவா?" என்று கேட்டார். முகத்துக்கு என்றதும் பெட்டிக்குள் கையை விட்டுத் தேடி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஒரு துண்டை எடுத்து நிறுத்தார். 100 கிராம், 150 ரூபா. பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கடையை நான் பாராட்டுவேன். கேளாமல் அள்ளிப் போட்டுத் தருகிறவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு கல் என் கைக்கு வந்தன. ஒன்று, பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடையில் அவசரத்துக்கு வாங்கியது. மங்கலான வெள்ளை, உதிர்கிற விளிம்பு. மற்றது, கனடாவில் இருக்கும் தம்பியின் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. சவர்க்காரக் கட்டி போல வழுவழுப்பாக மெருகிட்டு, அழகான பெட்டியில், 'இயற்கைக் கல்' என்று பொறித்து இருந்தது. அதன் விலையை ரூபாவில் சொல்லக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அந்தக் காசுக்குச் சந்தைக் கல் ஒரு கிலோவுக்கு மேல் வாங்கலாம்.

மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு ஐயா எனக்கு ஒரு பரிசோதனை சொல்லித் தந்தார். சீனக்காரத்தில் பல வகை உண்டு. முகத்துக்கு வழக்கமாகப் பாவிப்பது பொட்டாசியம் சேர்ந்தது; அதன் முழுப் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்பேட்டு. பொட்டாசியத்துக்குப் பதிலாக அமோனியம் சேர்ந்ததும் சந்தையில் சீனக்காரம் என்றே விற்கப்படுகிறது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு சிட்டிகை பொடியை ஈரச் சுண்ணாம்போடு குழைத்தால் அமோனியம் உள்ளது மூக்கைக் குத்தும் நாற்றத்தை வெளியே விடும். பக்கத்து வீட்டு ஆச்சியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்தேன். மூன்று தேங்காய்ச் சிரட்டைகளில் குழைத்தேன். சந்தைக் கல்லில் ஒன்றும் இல்லை. கனடாக் கல்லிலும் இல்லை. பலசரக்குக் கடைக் கல் மாட்டுக்கொட்டிலைப் போல நாறியது. "இது வேறு சாதி," என்றார் ஐயா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பாரிசவாதம் வந்த பிறகு நான் கண்டது அன்றுதான்.

அமோனியம் சேர்ந்தது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சவர்க்காரமும் சுண்ணாம்பைப் போலக் காரத் தன்மை உள்ளது. சவர்க்காரம் பட்ட முகத்தில், அதுவும் உணர்வில்லாத முகத்தில், நாற்றம் விடக்கூடிய ஒன்றைத் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

பெட்டிக் கல்லுக்கும் சந்தைக் கல்லுக்கும் முகத்தில் நான் கண்ட வேறுபாடு ஒன்றுதான்: பெட்டிக் கல் முதல் நாளிலிருந்தே வழுக்கிக்கொண்டு போகும், சந்தைக் கல்லின் கூர் விளிம்பை நாங்கள்தான் மழுக்க வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் உருட்டினால் மழுங்கிவிடும். 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை. சீனக்காரம் பெரும்பாலும் பாறையிலிருந்து வெட்டியபடியே கடைக்கு வருவதில்லை. கனிமத்திலிருந்து பிரித்து, கரைத்து, வடித்து, மீண்டும் பளிங்காக உறையவைத்துத்தான் வருகிறது. அலுமினியம் இல்லாத பொருள் என்று நினைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் பெயரிலேயே அலுமினியம் இருக்கிறது.

பெட்டிக் கல் மூன்று மாதம்தான் இருந்தது. ஈரக் கையிலிருந்து வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்து மூன்று துண்டாகிவிட்டது. துண்டுகளை அயலில் கொடுத்துவிட்டேன். சந்தைக் கல்தான் இன்றும் ஓடுகிறது.

இனி நான் செய்கிற விதம். இதில் ஒவ்வொன்றும் பிழை விட்டுத் திருந்தியது.

தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்த கடின நீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை தடிப்பாக ஒட்டியிருக்கும். அந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது, முகத்தில் அழுக்குப்போல ஒட்டிக்கொள்ளும். நுரை இல்லாமல் வழித்தால் எந்தக் கல்லைத் தேய்த்தும் பயன் இல்லை. ஆரம்பத்தில் நான் சீனக்காரத்தில் குறை கண்டேன். குறை தண்ணீரில் இருந்தது. இப்போது முதல் நாள் இரவே தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்கிறேன். மாரியில் கூரைப் பீலியால் வடியும் தண்ணீர் பிடித்து வைப்பேன். மழைத் தண்ணீரில் செய்யும் சவரத்துக்கு ஈடு இல்லை. ஐயாவே வலது கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சொல்வார்.

முதலில் இளஞ்சூட்டுத் துவாயை முகத்தில் போட்டு மயிரை இளக்குவேன். மயிர் விழும் திசையில்தான் வழிப்பேன். எதிர்த்து வழித்தால் மழமழப்பாக வரும். ஆனால் கழுத்தில் மயிர் உள்ளே சுருண்டு வளர்ந்து கட்டி போடும். சீனக்காரம் அந்தக் கட்டியை மாற்றாது. அதை எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

வழித்து முடிந்ததும் நன்றாகக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் கல்லை நனைப்பேன். சூடான நீரில் சீனக்காரம் பல மடங்கு கரையும். கல்லும் வீணாகும், முகத்தில் படுவதும் கடுமையாகும். முதலில் வலது பக்கம். உணர்வுள்ள பக்கம் சொல்வதைக் கேட்டுத்தான் இடது பக்கத்துக்குப் போக வேண்டும். ஐயா "ம்" என்றால் சரி. முகத்தைச் சுளித்தால் அன்று கூடுதலாகச் சுரண்டிவிட்டேன் என்று அர்த்தம். கல்லை இன்னும் நனைத்து மெதுவாக ஒரு தடவை மட்டும் ஓட்டுவேன். இடது பக்கத்தில் அழுத்தமே கொடுப்பதில்லை. கண்ணுக்குக் கிட்டவும் உதட்டு ஓரத்திலும் கொண்டுபோவதில்லை. முப்பது எண்ணுவேன். பிறகு தண்ணீர்.

இந்தக் கடைசித் தண்ணீரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சீனக்காரம் அமிலத் தன்மை உள்ள உப்பு. அதன் வேலை முதல் அரை நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. கழுவாமல் காயவிட்டால் முகம் வெள்ளை பூத்து, மத்தியானத்துக்குள் தோல் இழுத்துப் பிடித்துச் செதில் எடுக்கும். நானும் முதல் மாதம் அப்படி விட்டு, ஐயாவின் கன்னம் வெடித்த பிறகுதான் நிறுத்தினேன். கழுவித் துவாயால் ஒற்றி எடுத்து, இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து ஒரு துளி தேங்காய் எண்ணெய். அவ்வளவு போதும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் சொல்லே விளக்கம்: துவர்ப்பு. பாக்கை மென்றால் வாய்க்குள் தோல் சுருங்கிப் பிடிப்பது போல, இந்த உப்பு முகத்தோலின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை இறுகச் செய்கிறது. பிளேட் சுரண்டிய நுண்ணிய வாய்கள் மூடுகின்றன, சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தான் எரிவு தணிகிறது, கசிவு நிற்கிறது. அஸ்பிரின் எடுக்கும் ஐயாவுக்கும், நாடியில் விழும் சின்ன வெட்டு இப்போது கல்லை ஒரு நிமிடம் வைத்துப் பிடித்தால் அடங்கிவிடுகிறது. வெட்டில் படும்போது சுள்ளென்று இருக்கும், அது உண்மை. ஆழமான வெட்டுக்கு இது மருந்து அல்ல. அதற்குச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஒன்றரை வருடத்தில் நான் கண்ட பலன்: கழுத்துச் சிவப்பு ஏறத்தாழ இல்லாமல் போய்விட்டது. வெயில் கொதிக்கும் மாதங்களில் சவரம் செய்த இடத்தில் வியர்வை பட்டு வரும் அரிப்பும் குறைந்துவிட்டது. இடது கன்னம் மீண்டும் உரியவில்லை. எனக்கு அதுதான் பெரிது.

இனிக் குறைகள். வரட்சியான தோல் உள்ளவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இது ஒத்துவராது என்று நினைக்கிறேன். ஐயா மருந்துக்குப் போயிருந்த ஒரு கிழமையில் மட்டும் செவ்வாய், வெள்ளி பாராமல் தினமும் சவரம் செய்தோம். நான்காம் நாள் எண்ணெய் பூசியும் தோல் சொரசொரத்தது. பருவும் புண்ணும் உள்ள முகத்துக்கு நானாக எதுவும் சொல்லமாட்டேன். சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அலுமினியத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான். நல்ல தோல் வழியே உள்ளே போவது மிகச் சிறிதளவு என்றாலும், வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் நிறையப் பேர் இருக்கும் எங்கள் மண்ணில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கற்கண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். பக்கத்து ஆச்சியின் பேரன், நான்கு வயது, நான் கொடுத்த கனடாக் கல்லின் துண்டை வாயில் போட்டுவிட்டான். முதலில் இனிப்பதுபோல் இருக்கும். பிறகுதான் நாக்கு சுருங்கும். உடனே துப்பிவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை, வாயைக் கொப்பளிக்கச் செய்தோம். ஆச்சி என்னை ஏசவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. சமையலறையிலும் சாமித்தட்டுக்குப் பக்கத்திலும் இதை வைக்காதீர்கள்.

கல்லைப் பங்கிடவும் கூடாது. முகாமில் அந்த மனிதர் ஒரே கல்லை வரிசையில் இருந்த எல்லோருக்கும் தேய்த்தார். அன்றைக்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான், அவர்மீது எனக்கு நன்றி மட்டுமே உண்டு. ஆனால் வெட்டுப்பட்ட முகத்தில் தேய்த்த கல் இன்னொருவர் வெட்டில் படுவது, இரத்தத்தால் பரவும் நோய்களுக்கு வழி விடும். வீட்டுக்குள்ளும் ஆளுக்கு ஒரு கல் வேண்டும். தம்பி வந்து நின்றபோது ஐயாவின் கல்லைக் கேட்டான். கொடுக்கவில்லை, ஒரு துண்டு தனியே உடைத்துக் கொடுத்தேன்.

வைக்கும் இடத்துக்குச் சிரட்டையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. சிரட்டையின் கண்ணைக் குத்தித் துளையாக்கினால் தண்ணீர் வடிந்துவிடும், கல் ஊறிக் கரையாது. இரும்புப் பேணியில் வைத்தால் துருப்பிடிக்கும். பிளேட்டோடு சேர்த்து வைத்தாலும் பிளேட் கறுத்துப்போகும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கல்லின் மேல் வெண்பொடி பூக்கும். அதற்குள் இருக்கும் நீர் கொஞ்சம் போவதால் வருவது அது. பழுதாகிவிட்டது என்று எறியத் தேவையில்லை, நனைத்துத் துடைத்தால் பழையபடி தெளியும்.

100 கிராமில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்கிறது. இப்போது கடைசித் தண்ணீர் ஊற்றி முகத்தை ஒற்றி எடுத்ததும் ஐயாவின் வலது கையில் கண்ணாடியைக் கொடுக்கிறேன். அவர் முதலில் பார்ப்பது இடது கன்னத்தைத்தான். தொட்டுத் தெரியாததைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறார். பிறகு கல்லைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தானே சிரட்டைக்குள் போடுகிறார்.